மண்சரிவுச் செய்தியும் லயத்து மக்களும்

ஓர் ஆபத்து பற்றிய செய்தி வெளியானால் மக்கள் அதை அறிவார்கள், அறிந்தால் அஞ்சுவார்கள், அஞ்சினால் தங்களைக் காத்துக்கொள்வார்கள். செய்தி நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் பெரும்பாலும் இந்த எண்ணத்தோடுதான் இயங்குகின்றன. ஆபத்து குறித்த உளவியல் ஆய்வுகள் கடந்த அரை நூற்றாண்டில் கண்டது வேறு. செய்தியை அறிந்தவர் எல்லோரும் அஞ்சுவதில்லை. அஞ்சியவர் எல்லோரும் எழுந்து புறப்படுவதில்லை. மிக அதிகமாக அஞ்சியவர் சில வேளைகளில் எதுவுமே செய்யாமல் இருந்துவிடுகிறார். செய்திக்கும் செயலுக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளி இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் பல உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது.

சரிவில் அமைந்த குடியிருப்பு

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட பிறகு, மத்திய மலைநாட்டின் சரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தேயிலைத் தோட்டங்களாயின. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்களுக்காகச் சரிவுகளை வெட்டிச் சமப்படுத்தி லயங்கள் எனப்படும் வரிசை வீடுகள் கட்டப்பட்டன. ஒரு காம்பரா (அறை), முன்னால் ஓர் இஸ்தோப்பு (திண்ணை), மேலே தகரக் கூரை. அந்த வரிசைகளில் பலவற்றில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. லயத்தின் பின்சுவருக்கு மிக அருகிலேயே வெட்டப்பட்ட மண் செங்குத்தாக நிற்கும் இடங்கள் ஏராளம்.

மழை பெய்யும்போது மண் துகள்களுக்கு இடையிலுள்ள வெளிகள் நீரால் நிறைகின்றன. நீரின் அழுத்தம் கூடக்கூடத் துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் உராய்வு குறைகிறது. ஒரு கட்டத்தில் சரிவின் எடையைத் தாங்க அந்தப் பிடி போதாமல் போகிறது. தேயிலை மலைகளில் நீரை வழிநடத்துவதற்காக வெட்டப்பட்ட கான்கள் தூர்ந்து கிடந்தால் இது இன்னும் விரைவாக நடக்கும். ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெறும் வட்டவளைப் பகுதியில் 1990களின் தொடக்கத்தில் ஒரு சரிவு மெல்ல மெல்ல நகர்ந்து மலையக ரயில் பாதையையே இழுத்துச் சென்றது. அது நின்று நிதானித்து நகர்ந்த மண்சரிவு. ஆளைக் கொல்லும் மண்சரிவுகள் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலைநாட்டுச் சரிவுகளை வரைபடமாக்கி, மழையின் அளவை வைத்து மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்கச் சொல்லும் மஞ்சள் நிலை. 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறத் தயாராகச் சொல்லும் செம்மஞ்சள் நிலை. 150 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ, ஒரு மணி நேரத்திலேயே 75 மில்லிமீற்றர் பெய்தாலோ உடனடியாக வெளியேறச் சொல்லும் சிவப்பு நிலை. அறிவியல் அடிப்படையில் குறை சொல்ல முடியாத ஏற்பாடு இது. இந்த எண்கள் செய்தியாக மாறி, ஒரு காம்பராவுக்குள் நுழைந்து, அங்கே இருப்பவரைக் கதவைத் திறந்து வெளியே நடக்கச் செய்ய வேண்டும். அந்தப் பயணத்தில்தான் தடங்கல்கள்.

"நுவரெலியா மாவட்டம்" என்ற முகவரி

அமெரிக்க ஆய்வாளர்களான டாம் டைலரும் ஃபே குக்கும் 1984இல் ஒரு முக்கியமான வேறுபாட்டை எடுத்துக்காட்டினர். வெகுசன ஊடகச் செய்தி "நாட்டில் இந்த ஆபத்து எவ்வளவு இருக்கிறது" என்ற மதிப்பீட்டை எளிதில் மாற்றுகிறது. "எனக்கு இந்த ஆபத்து எவ்வளவு இருக்கிறது" என்ற மதிப்பீட்டை அது அவ்வளவாக மாற்றுவதில்லை. இரண்டாவது மதிப்பீடு சொந்த அனுபவத்திலிருந்தும், தெரிந்தவர்கள் சொல்வதிலிருந்தும் உருவாகிறது. தற்காப்புச் செயலைத் தூண்டுவது அந்த இரண்டாவது மதிப்பீடுதான்.

மலையகத்தில் மழைக்கால எச்சரிக்கை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் எப்படி ஒலிக்கிறது என்று கவனித்தால் இது விளங்கும். "நுவரெலியா மாவட்டத்தின் அம்பகமுவ, கொத்மலை, வலப்பனை பிரதேச செயலகப் பிரிவுகளுக்கு மண்சரிவு அபாய எச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ளது" என்ற பாணியில் அது வரும். அம்பகமுவ என்ற ஒரு பெயருக்குள் ஒரு பெரும் நிலப்பரப்பு அடங்கிவிடுகிறது. தோட்டத்தில் வாழ்பவர் தன் இடத்தைப் பிரதேச செயலகப் பிரிவின் பெயரால் அறிவதில்லை. தோட்டத்தின் பெயர், அதற்குள் மேல்பிரிவா கீழ்ப்பிரிவா, அதற்குள் எந்த லயம் என்பதே அவருடைய முகவரி. மாவட்டத்தின் பெயர் சொன்ன எச்சரிக்கையைக் கேட்டு அவர் மழை கடுமையாக இருப்பதாக ஒப்புக்கொள்வார். தன் லயத்துக்கு மேலே உள்ள மண்மேடு அதில் சேர்த்தியா என்று அந்தச் செய்தி சொல்லவில்லை. ஆண்டுதோறும் பல முறை இதே பெயர்கள் வாசிக்கப்படுவதையும், ஒவ்வொரு முறையும் தன் லயம் அப்படியே நிற்பதையும் அவர் பார்த்திருக்கிறார்.

மீரியபெத்தை

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை ஏழரை மணியளவில், பதுளை மாவட்டம் கொஸ்லாந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தது. லயங்கள் அவற்றுள் இருந்தவர்களோடு மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடமே தெரியவில்லை. முதல் நாட்களில் நூற்றுக்கணக்கானோர் புதையுண்டதாக உலகெங்கும் செய்தி பரவியது. பின்னர் அதிகாரிகள் அறிவித்த எண்ணிக்கை அதைவிட மிகவும் குறைவு.

இந்த அனர்த்தம் எச்சரிக்கையின்றி வந்ததல்ல. அந்த இடம் குடியிருக்கத் தகுந்ததல்ல, மக்கள் வேறிடம் செல்ல வேண்டும் என்று 2005இலும் 2011இலும் தெரிவிக்கப்பட்டிருந்தது. அனர்த்தத்துக்குப் பிறகு "சொல்லியும் போகவில்லை" என்ற பேச்சு எழுந்தது. மாற்று நிலமும் வீடும் தராமல் எங்கே போவது என்பது மக்களின் பதில். அந்தப் பதில் நியாயமானது. குடியிருக்கும் காம்பராவும் அது நிற்கும் நிலமும் சொந்தமில்லாத ஒருவரிடம் இடம்பெயரச் சொல்வது, அவர் கையில் இல்லாத ஒரு முடிவை அவரிடம் கேட்பதாகும்.

செய்தியியல் நோக்கில் இங்கே கவனிக்க வேண்டியது காலக்கணக்கு. 2005க்கும் 2014க்கும் இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் மீரியபெத்தை என்ற பெயரைக் கேட்ட இலங்கையர் மிகச் சிலர். சரிந்த பிறகு ஒரே வாரத்தில் அதைக் கேட்காதவர் மிகச் சிலர். ஒரு சரிவு ஆபத்தானது என்ற அறிக்கை அலுவலகக் கோப்பாக இருக்கிறது. அது செய்தியாவதற்கு மரணம் தேவைப்படுகிறது. அப்படி வரும் செய்தி அந்த இடத்து மக்களைக் காக்காது. வேறு இடத்தவரை அது சில காலம் உசுப்பும். பதுளை மாவட்டத்தின் மற்றத் தோட்டங்களில் சுவரில் பழைய வெடிப்புகளைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தவர்கள் மீரியபெத்தைக்குப் பிறகு அவற்றைப் புதிய கண்ணோடு பார்த்தார்கள். பல குடும்பங்கள் பாடசாலைகளிலும் கோயில்களிலும் தங்கவைக்கப்பட்டன.

இந்தப் புதிய கண்ணுக்கு உளவியலில் விளக்கம் உண்டு. ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டானியல் கானெமனும் 1973இல் காட்டியபடி, எளிதாக நினைவுக்கு வரும் நிகழ்வை மனித மனம் அடிக்கடி நடக்கக்கூடியதாக எடுத்துக்கொள்கிறது. 1979இல் பார்பரா கோம்ஸும் போல் ஸ்லோவிக்கும் இரண்டு அமெரிக்க நகரங்களின் நாளிதழ்களை ஆராய்ந்தனர். கொலை, விபத்து, இயற்கைப் பேரழிவு ஆகியவற்றுக்கு அந்த இதழ்கள் பக்கம் பக்கமாக இடம் தந்தன. அவற்றைவிடப் பல மடங்கு உயிர்களைக் கொள்ளும் நோய்களுக்குச் சொற்ப இடமே கிடைத்தது. மரணக் காரணங்களைப் பற்றிய மக்களின் மதிப்பீடுகளும் அதே பக்கமாகச் சாய்ந்திருந்தன. நினைவு மங்கும்போது மதிப்பீடும் இறங்குகிறது. மழை ஓய்ந்து, கொழுந்து மீண்டும் துளிர்த்து, வானொலி வேறு செய்திக்குப் போன பிறகு, தங்குமிடங்களிலிருந்து குடும்பங்கள் அதே லயங்களுக்குத் திரும்பின. 2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டம் அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்களை மூடிய அதே நாளில், புளத்கொஹுபிட்டிய களுப்பஹனத் தோட்டத்தின் லயமும் மண்ணுக்குள் போனது. மீரியபெத்தை நடந்து இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை.

குளவி, சிறுத்தை

செய்தியின் அளவும் ஆபத்தின் அளவும் பொருந்தாமல் போவது மண்சரிவோடு நிற்பதில்லை. மலையகப் பத்திரிகைகளில் அடிக்கடி வரும் ஒரு செய்தி உண்டு. குளவிக் கொட்டுக்கு இலக்கான தொழிலாளர்கள் சிலர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர் என்பதே அது. மூன்று நான்கு வரி, ஒரு தோட்டத்தின் பெயர், அனுமதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை. கொழுந்து பறிக்கும்போது நிழல்மரத்தில் இருந்த கூடு கலைந்திருக்கும். சிலர் இறந்தும் இருக்கிறார்கள். இந்தச் செய்தி வாசகரிடம் எந்தச் சலனத்தையும் ஏற்படுத்துவதில்லை. திரும்பத் திரும்ப ஒரே வடிவில் வரும் ஆபத்து, செய்தி என்ற தகுதியையே இழந்துவிடுகிறது.

சிறுத்தை அதற்கு நேர்மாறு. தேயிலை மலையில் ஒரு சிறுத்தை தென்பட்டால் படமும் தலைப்புமாகச் செய்தி வரும். காயம் நேர்ந்தால் தேசியச் செய்தியாகும். மலையகத்தில் சிறுத்தையால் உயிரிழப்பது மிக அரிது. குளவிக் கொட்டோடு ஒப்பிடவே முடியாது. அச்சத்தின் அளவு அப்படியே தலைகீழ். அந்த அச்சம் சிறுத்தைக்கே ஆபத்தாகவும் முடிகிறது. 2020 மே மாதத்தில் லக்ஷபானப் பகுதியில் கம்பிச் சுருக்கில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை ஒன்று சில நாட்களில் இறந்தது. அத்தகைய சுருக்குகள் பெரும்பாலும் காட்டுப்பன்றிக்காக வைக்கப்படுபவை. அவற்றை அகற்றும் ஆர்வம் சிறுத்தைமீதான அச்சம் மிகுந்த இடத்தில் எளிதில் எழாது.

குளவிச் செய்தியில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பறிக்கச் செல்லும் பெண்ணுக்குக் குளவி எங்கே கூடு கட்டும் என்று எந்தச் செய்தியாளரும் சொல்லத் தேவையில்லை. அவருக்கு நன்றாகத் தெரியும். கூட்டை முன்கூட்டியே அகற்றுவதும், அன்று அந்த மலையில் கொழுந்து பறிக்க வேண்டாம் என்று தீர்மானிப்பதும் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன. செய்தி தொழிலாளியை எட்டுகிறது, தற்காப்பு வேறொருவரிடம் இருக்கிறது. மலையகத்தின் பெரும்பாலான ஆபத்துகளுக்கு இது பொருந்தும்.

அச்சம் மட்டும் போதாதபோது

கிம் விட்டி என்ற தொடர்பியல் ஆய்வாளர் 1992இல் முன்வைத்த கோட்பாடு இந்த இடத்தில் உதவுகிறது. எச்சரிக்கையைக் கேட்பவர் மனத்துக்குள் இரண்டு கேள்விகள் எழுகின்றன. இது எவ்வளவு பெரிய ஆபத்து? இதற்கு எதிராக என்னால் எதையேனும் செய்ய முடியுமா? முதல் கேள்விக்கு "பெரிது" என்றும் இரண்டாவதற்கு "முடியும்" என்றும் விடை வந்தால் அவர் செயலில் இறங்குகிறார். முதலாவதற்குப் "பெரிது", இரண்டாவதற்கு "முடியாது" என்றால் அச்சத்தையே அடக்கத் தொடங்குகிறார். செய்தியை நிறுத்துகிறார், மிகைப்படுத்துகிறார்கள் என்கிறார், விதி என்கிறார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது அலட்சியம்போலத் தெரியும். உள்ளே நடப்பது தாங்க முடியாத அச்சத்தைச் சமாளிக்கும் முயற்சி.

ஒரு லயத்துக் குடும்பம் இரவு பத்து மணிக்குச் சிவப்பு எச்சரிக்கையைக் கேட்கிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது கேள்வி எத்தனை உள்கேள்விகளாகப் பிரிகிறது என்று பார்க்கலாம். தோட்டப் பாடசாலையின் சாவி யாரிடம் இருக்கிறது? நடக்க முடியாத மாமியாரை இருட்டில் அந்தப் படிக்கட்டு வழியே எப்படி இறக்குவது? மாட்டை அவிழ்த்துவிட்டால் திரும்பக் கிடைக்குமா? அடகு மீட்ட நகையும் அடையாள அட்டையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் நனையாமல் எதில் சுற்றுவது? காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு, போகாவிட்டால் பேர் விழாது; அன்றைய சம்பளம் இல்லை. நாட்சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு அது அடுத்த நாள் சாப்பாட்டுக் கணக்கு. எச்சரிக்கை பொய்த்துப்போனால் இந்த இழப்பை ஈடு செய்பவர் எவருமில்லை. இப்படிப்பட்ட கணக்கோடு ஒருவர் "விடியட்டும், பார்த்துப் போகலாம்" என்று முடிவெடுத்தால் அவரை அறியாதவர் என்று சொல்ல எவருக்கும் தகுதி இல்லை.

தற்காப்புச் செயலுக்கான செலவு குறைவாக இருந்தால் செய்தி மிக வேகமாக நடத்தையை மாற்றிவிடும் என்பதற்கு வேறிடத்துச் சான்று ஒன்று இருக்கிறது. தட்டம்மை, கூவைக்கட்டு, ருபெல்லா ஆகியவற்றுக்கான முத்தடுப்பூசியை ஆட்டிசத்தோடு இணைத்து 1998இல் லான்செட் இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் பிறரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பிரிட்டிஷ் ஊடகங்கள் அதைப் பெரிதாக்கின. இங்கிலாந்தில் 90 சதவீதத்துக்கும் மேலிருந்த தடுப்பூசி ஏற்பு, சில ஆண்டுகளில் 80 சதவீதம் அளவுக்கு இறங்கியது. தட்டம்மை திரும்ப வந்தது. அந்தக் கட்டுரை 2010இல் மீளப்பெறப்பட்டது. ஊசி போடாமல் விடுவதற்குப் பெற்றோர் எதையும் இழக்க வேண்டியிருக்கவில்லை. அதனால் தவறான செய்தியே போதுமானதாக இருந்தது. லயத்தை விட்டு வெளியேற, உண்மையான செய்திகூடப் போதவில்லை.

பொய்த்த எச்சரிக்கை, தப்பிய இரவு

மண்சரிவு எச்சரிக்கை இயல்பிலேயே பெரும்பாலும் பொய்க்கும். மழையளவு ஒரு பிரிவு முழுவதற்கும் எல்லையைத் தாண்டலாம். அதிலுள்ள ஆயிரக்கணக்கான சரிவுகளில் ஒன்றோ இரண்டோதான் இறங்கும். மற்ற எல்லா இடங்களிலும் மக்கள் வீணாக வெளியேறியதாகவே உணர்வார்கள். பொய் எச்சரிக்கைகள் அடுத்த எச்சரிக்கையின் வலுவைக் குறைக்கின்றன என்பதை உளவியலாளர் ஷ்லோமோ பிரெஸ்னிட்ஸ் 1984இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். தப்பிப் பிழைத்த அனுபவமும் இரு வழியாகப் பொருள்படும். "மயிரிழையில் தப்பினோம்" என்று அதை நினைப்பவர் அடுத்த முறை முந்திக்கொள்வார். "ஒன்றும் நடக்கவில்லை" என்று நினைப்பவர் அடுத்த முறை கூடுதல் தைரியத்தோடு வீட்டிலேயே இருப்பார்.

எந்தப் பொருள் நிலைக்கும் என்பதில் செய்திக்கு நேரடிப் பங்கு உண்டு. எச்சரிக்கை விலக்கப்பட்டதும் ஊடகம் அதை மறந்துவிடுகிறது. அந்த இரவில் எத்தனை மில்லிமீற்றர் பெய்தது, எந்தத் தோட்டத்தில் சுவர் வெடித்தது, எந்தப் பீலியில் தண்ணீர் சேறாக வந்தது, எந்தப் பாதையில் மண் இறங்கியது என்று மறுநாள் எவரும் எழுதுவதில்லை. அந்தச் செய்தி வந்திருந்தால், வெளியேறியவர் தன் நடை வீணாகவில்லை என்று அறிந்திருப்பார். நிலத்தில் புதிய வெடிப்பு, திடீரெனத் திறக்க முடியாமல் இறுகும் கதவு, சாயும் மரம், புதிதாகப் பொங்கும் அல்லது சட்டென வற்றும் ஊற்று ஆகியவை மண் நகரத் தொடங்கியதன் அடையாளங்கள். இவை தோட்டத்து மக்களின் கண்ணுக்கு முன்னால் இருப்பவை. அவர்களின் அவதானிப்பையே செய்தியாக்கினால், "எனக்கு இந்த ஆபத்து எவ்வளவு இருக்கிறது" என்ற மதிப்பீடு கூர்மையடையும்.

எந்த மொழியில், யார் குரலில்

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியபோது மலைநாடு முழுவதும் மண்சரிவுகள் நிகழ்ந்தன. நாடளவில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. வீதிகள் அறுந்தன, மின்சாரம் போனது, தொலைபேசிக் கோபுரங்கள் பெருமளவில் செயலிழந்தன. எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் வெளியாகவில்லை, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வந்த அளவு தமிழில் வரவில்லை என்ற குற்றச்சாட்டு பரவலாக எழுந்தது. ஆட்சிமொழிகளில் ஒன்றாகத் தமிழை அரசியலமைப்பு ஏற்றிருக்கும் நாட்டில், மண்சரிவுப் பிரதேசங்களில் தமிழ் பேசும் தோட்ட மக்கள் செறிந்து வாழும் நிலையில், இது மன்னிக்க முடியாத குறை. மழை மணிக்கணக்கில் கொட்டும்போது, மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கும் நேரம் வெளியேறுவதற்கான நேரத்திலிருந்து கழிகிறது.

தமிழில் வந்தாலும், யார் சொல்கிறார் என்பது மிஞ்சுகிறது. எச்சரிக்கையைக் கேட்டதும் மக்கள் உடனே கிளம்புவதில்லை; அடுத்த வீட்டாரிடம் கேட்கிறார்கள், வெளியே எட்டிப் பார்க்கிறார்கள், உறவினருக்குத் தொலைபேசி எடுக்கிறார்கள். இந்த உறுதிப்படுத்தும் தேடல் எல்லா நாட்டிலும், எல்லா அனர்த்தத்திலும் காணப்படுவதாக அனர்த்தச் சமூகவியல் சொல்கிறது. தோட்டத்தில் அந்தத் தேடல் போய்ச் சேரும் ஆட்கள் தெரிந்தவர்கள்: தோட்டத் தலைவர், கணக்கப்பிள்ளை, ஆசிரியர், கோயில் பூசகர், கிராம உத்தியோகத்தர். அவர்களில் ஒருவர் "போகலாம், வாங்க" என்று சொன்னால் ஒரு லயமே நடக்கும். "பயப்பட ஒண்ணும் இல்ல" என்று சொன்னால் ஒரு லயமே உட்காரும்.

கொலம்பியாவின் ஆர்மேரோ நகரம் இந்த இரண்டாவது வாக்கியத்தால் அழிந்தது. நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலையின் ஆபத்து வரைபடம் 1985 ஒக்டோபரிலேயே வெளியாகிவிட்டது. ஆர்மேரோ ஆபத்து வலயத்துக்குள் இருந்தது. நவம்பர் 13ஆம் திகதி பிற்பகல் நகரின்மேல் சாம்பல் விழத் தொடங்கியது. உள்ளூர் வானொலியும் தேவாலயமும் மக்களை அமைதியாக இருக்கச் சொன்னன. அன்றிரவு எரிமலை வெடித்துப் பனி உருகிப் பெருகிய சேற்று வெள்ளம் 20,000க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. உயரமான நிலம் நடந்தே போகும் தூரத்தில் இருந்தது.

ஆகவே தோட்டங்களில் பயன் தந்துவரும் சிறு கருவி ஒன்று கவனத்துக்குரியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆபத்தான இடங்களில் வாழும் சமூகங்களுக்கு எளிய மழைமானிகளை வழங்கியுள்ளது. மழை விழுந்த அளவை அங்கேயே வாழும் ஒருவர் பார்த்து, எல்லை தாண்டியதும் அக்கம்பக்கத்தாருக்குச் சொல்கிறார். மாவட்டச் செய்தி சொல்லாத ஒன்றை, இந்த மலையில், இந்த இரவில், எவ்வளவு மழை என்பதை, அது சொல்கிறது. சொல்பவர் தெரிந்தவர், சொல்லும் மொழி வீட்டு மொழி. மின்சாரமும் தொலைபேசியும் போனாலும் அது வேலை செய்யும். உள்ளூர்த் தமிழ் வானொலி அந்த அளவுகளைத் தோட்டத்தின் பெயரோடு வாசித்தால் மற்றத் தோட்டங்களும் தங்கள் நிலையை ஒப்பிட்டுக்கொள்ள முடியும்.

ஓர் இரவு வெளியேறுவது தற்காப்பின் ஒரு வடிவம். சரிவை விட்டே நீங்குவது இன்னொன்று, நிலையானது. மீரியபெத்தையில் உயிர் தப்பியவர்கள் மூடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தங்கியிருந்த பிறகே பூனாகலையில் புதிய வீடுகளுக்குப் போனார்கள். மலையகக் குடும்பங்களுக்கு ஏழு பேர்ச் காணியில் தனிவீடு கட்டித்தரும் திட்டங்கள் 2015க்குப் பிறகு வேகம் பெற்றன. 4,000 வீடுகளுக்கு இந்தியா நிதியளித்தது. 2017 மே மாதம் நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அறிவிப்பு அன்று முதல் பக்கத்தில் வந்தது. எந்தத் தோட்டத்தின் எந்த லயம் முதலில் இடம் மாற வேண்டும், அதற்கான காணி எங்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது, எத்தனை வீடு கட்டி முடிந்தது, யார் இன்னும் வெடித்த சுவருக்குள் இருக்கிறார்கள் என்ற விவரங்கள் அந்த அளவுக்கு வரவில்லை. மழையில்லாத மாதங்களில் எழுத வேண்டிய ஆபத்துச் செய்தி இதுதான். இதன் வாசகர்கள் லயத்தில் மட்டும் இல்லை. தோட்ட நிர்வாகத்திலும் பிரதேச செயலகத்திலும் அமைச்சிலும் இருக்கிறார்கள். நிலத்தையும் வீட்டையும் பற்றிய முடிவு அவர்களிடம் இருப்பதால், நடத்தை மாற வேண்டியவர்களும் அவர்களே.